கவிழ்த்த குடம்

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியப் பந்திக்குச் செப்புக் குடத்தை நிரப்பி வைப்பவர்தான் மடத்துத் தலைவியான அம்மாவுக்கு முதல் தம்ளர் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். பல வருஷமாக அது வடிவின் வேலை. ஆடியில் காலனியிலிருந்து மாரிக்கண்ணு வந்து சேர்ந்தாள். தை பிறந்ததும் அம்மா குடத்தை அவளிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது வடிவு ஒரு தாளோடு அம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைவிட அவள் மூத்தவள்.

"வக்கீல் கொடுத்தார் அம்மா. மாரிக்கண்ணு என் மேல போட்ட வன்கொடுமை வழக்கை ரத்து பண்ணச் சொல்லி ஐகோர்ட்டுல மனு போட்டிருக்கோம். எங்களுக்குள்ள நடந்தது வெறும் போட்டி, சாதியெல்லாம் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டா உதவியா இருக்குமாம். இல்லேன்னா என்னைப் பிடிச்சு உள்ள வச்சுருவாங்க."

"நீ என்ன பண்ணின?"

"பந்தியில எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. அவ நிரப்பின குடத்தை முற்றத்துல கவுத்தேன். புளி போட்டுத் தேய்ச்சு, நானே திரும்ப நிரப்பினேன். தப்பா ஒரு சொல்லு சொல்லல. ஏன் கவுத்தேன்னு அவளாவது கேட்டிருக்கலாம்ல? கேக்கல. செருப்பை மாட்டிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டா."

"ஏன் கவுத்த?"

வடிவு முந்தானையை முறுக்கினாள்.

"வயித்தெரிச்சல். அவ கொடுத்த தண்ணியை நீங்க கண்ணை மூடிக் குடிச்சீங்க. நான் கொடுத்து ஒரு நாளும் அப்படிக் குடிச்சதில்ல. அவ இடத்துல யாரு இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்."

"விசாலமா இருந்தாலும்?"

விசாலம் வடிவின் தெருக்காரி. தூரத்துச் சொந்தம். மாரிக்கண்ணு வராமல் போன பிறகு குடம் அவளிடம் இருந்தது.

"அவளா இருந்தாலும்தான். குடத்தை அவகிட்ட நீங்க கொடுத்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. என்னைக் கூப்பிடுவீங்கன்னு வாசல்லயே நின்னேன்."

அம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பந்தி உட்கார்ந்தாச்சு. போய் விசாலத்தோட குடத்தையும் கவுத்துட்டு வா. அன்னைக்குச் செஞ்சது எதுவும் குறையக் கூடாது. வந்ததும் கையெழுத்துப் போடுறேன்."

வடிவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வேகமாகப் போனாள்.

விசாலம் அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்திருந்தாள். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வடிவு அதைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் துளசிச் செடி வரைக்கும் ஓடியது. வடிவு புளியை எடுத்தாள்.

"என்ன மதினி, பல்லி விழுந்துருச்சா?" என்றாள் விசாலம்.

வடிவு குடத்தைத் தேய்க்கக் குனிந்தாள்.

"ஐயோ, நான் பார்க்கவே இல்லையே. நல்லவேளை நீங்க கண்டீங்க."

"எங்க உயிரைக் காப்பாத்தின தாயே," என்று கும்பிட்டார் பந்தியில் முதலில் இருந்த பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"புளியைக் கொண்டாங்க, நான் தேய்க்கிறேன். நீங்க குனிஞ்சா அப்புறம் இடுப்பு வலின்னு படுத்துருவீங்க," என்று விசாலம் குடத்தைப் பறித்துக்கொண்டாள்.

வடிவு கொஞ்ச நேரம் வெறும் கையோடு நின்றாள். பிறகு திரும்பி வந்தாள். அம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"கவுத்தியா?"

"கவுத்தேன்."

"விசாலம் என்ன சொன்னா?"

"பல்லி விழுந்துருச்சான்னு கேட்டா."

"பந்தியில?"

"சிரிச்சாங்க."

"அன்னைக்கும் சிரிச்சாங்களா?"

வடிவு தலை குனிந்தாள். "இல்ல. எல்லாரும் இலையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

அம்மா தாளை அவள் பக்கம் நகர்த்தினார். எழுத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது.

"விசாலம் கேட்டா. மாரிக்கண்ணு ஏன் கேக்கல? அதை இதுல எழுது வடிவு. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."