ஊருணிக் கதவு

வானம் பார்த்த சீமையில் நெருஞ்சிப்பட்டி என்று ஓர் ஊர். குடிதண்ணீருக்கு ஒரே ஓர் ஊருணி. பெரிய வீட்டுத் தர்மலிங்கம் அதைத் தன் செலவில் தூர் வாரினார். வாரின கையோடு சுற்றிலும் முள்வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்துப் பூட்டும் போட்டுவிட்டார்.

"தூர் வாரினது நான். தண்ணியும் எனக்குத்தான்" என்றார். மழையும் அவர் செலவில்தான் பெய்தது போலிருக்கிறது!

ஊர் சும்மா இருக்கவில்லை. இருளாயி முன்னால் நிற்க, ஒரு சங்கம் கூடிற்று. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து, அந்தக் கதவுக்கு முன்னாலேயே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூலிக்குப் போக முடியாதவன் வீட்டு அடுப்பு அணையாமல் சங்கம் பார்த்துக்கொண்டது. கோடை போய்க் கோடை வந்தது. கடைசியில் தாசில்தாரே வந்து பூட்டைத் திறந்து, சாவியைச் சங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாவி ராக்கப்பனிடம் வந்தது. இருளாயியைவிட வயதில் மூத்தவன். ஆனால் அவளைத்தான் குருவாக வரித்துக்கொண்டவன். "நியாயம்னா என்னன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது அந்தத் தாயிதான்" என்பான். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டான். விடிந்தால் திறப்பான், பொழுது சாய்ந்தால் பூட்டுவான். ஆளின் நடையே மாறிப்போயிற்று.

ஒருநாள் காலையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கதவருகே நின்றான். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். இருளாயியும் நின்றாள்.

"தாயி, பக்கத்து ஊர்க்காரங்க நம்ம சங்கத்துக் கொள்கை என்னன்னு கேக்குறாங்க. நாலு வரி சொல்லு. இந்தக் கதவுலயே எழுதிப்புடுறேன்."

"நீங்க என்ன எழுதலாம்னு இருக்கீங்கண்ணே?"

"எல்லாருக்கும் தண்ணி. அதான் மொத வரி."

அவன் வாய் மூடவில்லை, சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு தர்மலிங்கம் வந்து நின்றார். அவர் வீட்டுப் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. மனிதர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராக்கப்பன் டப்பாவைக் கீழே வைத்தான். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.

"ஏண்ணே?" என்றாள் இருளாயி.

"இதே கதவுக்கு முன்னாலதான் தாயி, என் வீட்டுக்காரி குடத்தைக் காலால எத்தினாரு இவரு. ஒரு குடம் தண்ணிக்கு அவ கெஞ்சிக்கிட்டு நின்னா. ஊரே பாத்துச்சு. இவருக்குத் தண்ணியா?"

வரிசையில் நின்ற அவன் மனைவி பாண்டியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துடுங்கன்னு நான் சொல்லலண்ணே. அதை நெனைச்சா எனக்கும் வயிறு எரியுது."

"அப்ப நான் பூட்டினது சரிதானே?"

இருளாயி கதவின் நிலைக்கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"யாராவது ஒரு கடப்பாரை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எதுக்குத் தாயி?"

"கதவைப் பேத்தெடுக்கணும்."

ராக்கப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாம ஜெயிச்ச கதவு தாயி!"

"நாம கேட்டது தண்ணியத்தானேண்ணே?"

கடப்பாரை வந்தது. ராக்கப்பன் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான், நகரவில்லை. அவனை எப்படி நகர்த்துவது என்று ஊர் விழித்தது. பாண்டியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து கடப்பாரையை வாங்கினாள்.

"தள்ளுங்க" என்றாள் புருஷனிடம்.

தள்ளினான். முதல் குத்தை அவள்தான் போட்டாள். நிலைக்கம்பத்தின் அடியில் மண் பொலபொலவென்று விட்டது. அடுத்த குத்துக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். கம்பம் ஆடத் தொடங்கியதும் ராக்கப்பனுக்கும் கை பொறுக்கவில்லை. அவனும் தோள் கொடுத்தான். கதவு கம்பங்களோடு சாய்ந்து மண்ணில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சாவி கைக்கு வந்த அன்றுகூட அப்படி ஒரு குலவை எழவில்லை. கதவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படித்துறைச் சேற்றின் மேல் போட்டார்கள். குடத்தோடு ஏறி வர வாகாக இருந்தது.

வழி திறந்த தைரியத்தில் தர்மலிங்கம் நேரே படித்துறைக்கு நடந்தார். பாண்டியம்மா தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"வரிசை இருக்குங்க. எனக்குப் பின்னால நில்லுங்க."

பெரிய வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் அவசரப்படாமல், குடத்தைத் தேய்த்துக் கழுவி, நிதானமாக மொண்டாள். அதைப் பார்த்த ராக்கப்பனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவள் தலை இத்தனை நிமிர்ந்து அவன் பார்த்ததில்லை.

இருந்தாலும் அவன் மனதில் ஒன்று உறுத்தியது. இருளாயியிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தாயி, நாளைக்கே இவருக்கு வீம்பு வந்து, மறுபடியும் பூட்டுப் போட்டுட்டா?"

இருளாயி சேலைத் தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுலண்ணே போடுவாரு?"