புதைகுழியோடு பெண் பார்க்கப் போன மயில்சாமி

ஓணான்கரட்டில் புத்தி என்பது இரவல்கூடக் கிடைக்காத சரக்கு. அந்த ஊரிலும் பொறுக்கி எடுத்தாற்போல மூன்று பேர் இருந்தார்கள்: சடையப்பன், குப்புராஜ், மயில்சாமி. ஞாயிற்றுக்கிழமை தோறும் சடையப்பனின் சைக்கிள் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக நுழைந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். மூளை உள்ளவர்கள் ஆடினால் நல்ல விளையாட்டுதான்.

கதைக்கு இவர்கள் பிடித்துக்கொண்டது டிவியில் மத்தியானம் போட்ட ஒரு டப்பிங் படத்தை. கற்கால மனிதர்களும் ராட்சதப் பல்லிகளும் அடித்துக்கொள்ளும் படம். எடுத்தவனே அதை இரண்டாம் தடவை பார்த்திருக்க மாட்டான். கூட்டத்தலைவன் கைக்கடிகாரம் கட்டியிருந்தான். ஆட்கள் உதட்டை அசைத்து முடித்த பிறகுதான் குரல் வந்தது. நாயகன் விழுந்த புதைகுழியோ, காற்றடித்ததும் ஓரம் தூக்கிப் படபடத்தது. வெறும் கறுப்புத் தார்ப்பாய். ஊரே சிரித்தது. இவர்கள் மூவர் மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

ஆதிமனிதன் நேரம் தவறாதவன் என்றான் சடையப்பன். அந்தக் காலத்தில் வாய் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும் என்றான் குப்புராஜ். மயில்சாமி வெகுநேரம் யோசித்து, அப்போதெல்லாம் குழியைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். அவன் வாழ்நாளில் அதைவிட ஆழமாக ஒன்றும் சொன்னதில்லை. எல்லாமே விளையாட்டுக்குச் சட்டமாயின. கதையில் ஆளுக்கு நேர்வது ஆடுகிறவனுக்கும் நேர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு மயில்சாமி ஆடவே உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கு அவன் பெண் பார்க்கப் போக வேண்டும். வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. கேட்ட இடமெல்லாம் தட்டிப்போன பிறகு, தாய்மாமன் நாச்சிமுத்து கண்டவர் காலிலும் விழுந்து பிடித்துவந்த சம்பந்தம். பெண் பூங்கோதை நூல் மில்லில் சூப்பர்வைசர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இவளும் இல்லையென்றால் தனக்குக் கல்யாணமே கிடையாது என்று நினைத்திருந்தான். அவன் சரியாக நினைத்த ஒரே விஷயம் அது.

ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தவன் எடுத்த எடுப்பிலேயே புதைகுழியில் விழுந்தான். சடையப்பன் கடைத் தார்ப்பாயை விரித்து, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவனை அதில் உட்கார்த்தினான். ஆறு விழுந்தால்தான் வெளியே வரலாம். உருட்டினார்கள், உருட்டினார்கள், ஆறு விழவேயில்லை.

நாச்சிமுத்து தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். "எந்திரிடா, நேரமாச்சு."

மயில்சாமி உதட்டை அசைத்தான். சத்தம் இல்லை. கொஞ்சம் பொறுத்து வந்தது. "முடியாதுங் மாமா. இடுப்பு வரைக்கும் போயிட்டனுங்."

மாமன் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தால் இன்னும் இறங்குவான் என்று குப்புராஜ் பதறிப்போய்த் தடுத்தான். மயில்சாமிக்கு அழுகை வந்தது. பூங்கோதையும் வேண்டும், சட்டத்தையும் மீறக் கூடாது.

"அவன் குழிக்குள்ளயே இருக்கட்டும். குழி பொண்ணு பாக்கப் போகட்டும்," என்றான் சடையப்பன்.

"படத்துல குழி நடந்துதா?" என்று கேட்டான் குப்புராஜ்.

"ஓரம் எந்திரிச்சுதல்ல? ஓரம் எந்திரிக்கற குழி முழுசா எந்திரிக்காதா?"

குப்புராஜ் இதற்கு மறுப்பு இல்லை என்று ஒத்துக்கொண்டான். மாமன் தலையில் அடித்துக்கொண்டு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பிடித்துவந்தார். தார்ப்பாய், நாற்காலி, மாப்பிள்ளை மூன்றையும் ஒன்றாகத் தூக்கி ஏற்றினார்கள். மூன்று பேர் கையிலும் கடிகாரம் இருந்தது. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

பெண் வீட்டுக் கூடத்தில் தார்ப்பாயை விரித்து மாப்பிள்ளையை நடுவில் இறக்கியதும், பாவம் கால் வராதுபோல என்று அவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று பெண்ணின் அப்பா கேட்டார். உதடு அசைந்தது. பிறகு, "சைக்கிள் டியூப் வியாபாரமுங்," என்று வந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பூங்கோதை காபி கொண்டுவந்தாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். மயில்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். எழுந்து நிற்க ஆசைப்பட்டான், முடியவில்லை. எதற்கு இதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். பொய் சொல்லும் அளவுக்கு அறிவு இல்லாததால் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கேட்டு முடித்து டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "தார்ப்பாய்ல முழுகற ஆளு எனக்கு வேண்டாமுங்கப்பா."

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயில்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. சடையப்பன் மட்டும் எழுந்து நின்று, மரியாதையாகத் தொண்டையைச் செருமினான்.

"அம்மிணி வேண்டாம்னு சொன்னது சரிங். அது பலிக்குதான்னு உருட்டிப் பாக்கோணுமில்லீங்?"

"உருட்டித் தொலைங்க. உருட்டீட்டுக் கெளம்புங்க," என்றார் பெண்ணின் அப்பா.

பெரிய எண் விழுந்தால் அவள் சொன்னது பலித்துவிடும். மயில்சாமி கண்ணை இறுக மூடி, ஒன்று விழட்டும் என்று குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டான். பகடை உருண்டது. ஆறு.

எல்லோரும் குனிந்து பகடையைப் பார்த்தார்கள். பிறகு குப்புராஜ் துள்ளிக் குதித்தான். சடையப்பன் ஓடிப்போய் மயில்சாமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். காலையிலிருந்து விழாத ஆறு! மயில்சாமி நாற்காலியைவிட்டு இறங்கி, தார்ப்பாயைத் தாண்டி, கெட்டித் தரையில் நின்றான். தான் பிழைத்துவிட்டோம் என்பது மெல்ல மெல்ல உறைத்து, தேம்பித் தேம்பி அழுதான். பூங்கோதையைக் கையெடுத்துக் கும்பிட்டான். உதடு அசைந்தது, அவளும் பழகிப்போய்க் காத்திருந்தாள்.

"நீங்க மட்டும் வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா, நான் முழுகியே போயிருப்பனுங்."

தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் பெண்ணின் அப்பா. ஆள் இல்லாத குழியைத் தொடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும் என்று சடையப்பன் மறுத்துவிட்டான். கவனமாக இருங்கள் என்று வீட்டார் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி விசிலடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டி நகரும்போது மயில்சாமி திறந்திருந்த வாசல் வழியாகத் திரும்பிப் பார்த்தான். பெண்ணின் அப்பா மூன்று பேரையும் முட்டாப் பசங்க என்று திட்டிக்கொண்டே, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தார்ப்பாயில் கால் படாமல் ஓரமாகவே அடுக்களைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.