பூபதி எழுதாத நாலாவது சட்டம்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டை ஒரு ராசா ஆண்டார். அவருக்கு வாயுத் தொல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மொச்சை தின்றால் சிம்மாசனமே அதிரும்.

அந்த அரண்மனையில் வைத்தியசாலை ஒரு குன்றில், சமையல்கூடம் இன்னொன்றில், களஞ்சியம் அதற்கும் அப்பால். யார் யாருக்குச் சேதி சொல்லலாம் என்று அரண்மனைச் சட்டங்களை எழுதும் அதிகாரி மார்த்தாண்ட பூபதி சட்டம் போட்டிருந்தார். வைத்தியர் அறிந்ததைச் சமையல்கூடத்துக்குச் சொல்லலாம். சமையல்கூடம் அறிந்ததைக் களஞ்சியத்துக்குச் சொல்லலாம். களஞ்சியம் அறிந்ததை வியாபாரிகளுக்குச் சொல்லலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான்.

ஒருநாள், அரண்மனை இனி மொச்சை வாங்காது, ஏன் வாங்காது என்பதெல்லாம் தெரிந்துபோய்ச் சந்தையில் மொச்சை விலை படுத்துவிட்டது. ராசா வயிற்றை நினைத்து ஊரே சிரித்தது. சமயம் பார்த்திருந்த பூபதி, உளறியது அமைச்சர் தில்லைநங்கைதான் என்று போட்டுக்கொடுத்தார். அவள் பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். பொழுது சாய்வதற்குள் அவள் தன்மேல் குற்றமில்லை என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் நாடு கடத்தல் என்றார் ராசா.

யாரும் உளறவில்லை, எல்லோரும் சட்டப்படிதான் நடந்தார்கள், வேண்டுமானால் பூபதி தன் ரகசியம் ஒன்றை வைத்தியரிடம் சொல்லிப் பார்க்கட்டும் என்றாள் தில்லைநங்கை.

"பயமாக இருந்தால் வேண்டாம் ஐயா."

"என் சட்டத்தைக் கண்டு எனக்கென்னம்மா பயம்?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு வைத்தியரிடம் ரகசியம் சொல்லப் போனார் பூபதி.

சொல்லலாம் என்று சட்டமே சொன்னபிறகு எவன் வாயை மூடுவான்? வெயில் தாழ்வதற்குள் அரண்மனை வாசலில் சந்தை வியாபாரி ஒருவன் கூவினான். "பல்லி விரட்டும் மயிலிறகு! பல்லியைப் பார்த்தால் மயங்கி விழும் பூபதி ஐயாவுக்குப் பாதி விலை!"

சபை உருண்டு புரண்டு சிரித்தது. ராசாவுக்கு விக்கலே வந்துவிட்டது.

"மூன்று சட்டம் போட்டீர்கள் ஐயா," என்றாள் தில்லைநங்கை. "மூன்றையும் கோத்தால், வைத்தியரிடம் சொன்னது சந்தைக்குப் போகலாம் என்று நாலாவது தானாகப் பிறக்கிறது. அதைப் பெற்றது நீங்கள்தான்."

பிறகு ராசா பக்கம் திரும்பினாள். சேதி யாருடையதோ அவர் சம்மதித்த இடத்தோடு அது நிற்க வேண்டும், சமையல்காரருக்கு 'மொச்சை வேண்டாம்' என்பது போதும், ஏன் என்பது எதற்கு என்று கேட்டாள்.

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். பூபதிக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது. "இனிமேல் நீர் எந்தச் சட்டம் எழுதினாலும், முதலில் உம்முடைய ரகசியம் ஒன்றை அதில் விட்டுத்தான் சோதிக்க வேண்டும்."

பூபதியிடம் ரகசியம் இன்னும் நிறைய இருந்திருக்கும் போல. அதற்கப்புறம் அந்த மனுஷன் ஒரு சட்டமும் எழுதவில்லை.