கூடுதலாக ஒரு வரி

கூட்டம் பத்து மணிக்குத்தான். கலியமூர்த்தி விடிந்ததுமே வந்துவிட்டார்.

கீழத்தஞ்சை எழுத்தாளர் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. திருத்துறைப்பூண்டியில் ஒரு உரக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் கூடுவார்கள். எழுதி வரும் காசில் அடுப்பெரிப்பவர்கள்தான் அதில் உறுப்பினர். தொடர்கதை எழுதுகிறவர், பாக்கெட் நாவல் எழுதுகிறவர், வானொலிக்கு நாடகம் எழுதுகிறவர் என்று பல தினுசு. கலியமூர்த்தி தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு உரைநூல் எழுதுகிறார். சங்கத்துக்குச் செயலாளர்.

தலைவி தையல்நாயகி தனியாகப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுதியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். கலியமூர்த்தி கதை எழுதக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். வயதில் அந்த அம்மாள் பதினைந்து வருஷம் இளையவர். ஆனாலும் மற்றவர்களைப் போல இவரும் 'அக்கா' என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"அந்த முனையைப் பிடிங்க ஐயா. கேளுங்க."

"சவரிராயன் இன்னைக்குச் சங்கத்தை விட்டுப் போயிடுவார். பாதிப்பேர் அவர் பின்னாடி எழுந்திருப்பாங்க. ஒரே ஒரு வரிக்காகச் சங்கம் ரெண்டாயிடும்."

"என்ன வரி?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க வாயால கேக்கறேன்."

கலியமூர்த்தி பாயின் முனையை விடாமல் பிடித்தபடி சொன்னார். சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சவரிராயன் ஒரு கதை கொடுத்திருந்தார். கப்பல் வேலைக்குப் போய்த் தகவல் இல்லாமல் போன மகனுக்காக ஒரு தாய் தினமும் ராத்திரி தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். காலையில் அந்தத் தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்க்கிறாள். அதோடு கதை முடிந்துவிடுகிறது.

"மெய்ப்புப் பார்க்கும்போது கடைசியில ஒரு வரி சேர்த்தேன். 'கழுவிய தண்ணீரோடு அவள் கண்ணீரும் சேர்ந்து ஓடியது.' அவ்வளவுதான்."

"அவரைக் கேட்டீங்களா?"

"மலர் அச்சுக்குப் போற அவசரம். ஆனா அக்கா, வந்த பாராட்டெல்லாம் அந்த வரிக்குத்தான்! கும்பகோணத்துலேருந்து ஒருத்தர் அதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கலைன்னார்."

"சவரிராயன் என்ன சொன்னார்?"

"போன்ல கத்தினார். கோபத்துல என்னென்னமோ."

"என்னென்னமோன்னா?"

"எழுதறவங்களுக்கு அந்த வருத்தம் வர்றது சகஜந்தானே."

தையல்நாயகி அடுத்த பாயை எடுத்து உதறினார்.

"இத்தனை எழுத்துக்காரங்களை எப்படிக்கா இத்தனை வருஷம் ஒண்ணா உட்கார வெச்சீங்க? அதைச் சொல்லுங்க. அதைத்தான் கேக்க வந்தேன்."

"இன்னைக்கு மாத்திப் பேசற முறையை வைக்கலாம்னு இருக்கேன்" என்றார் அவர்.

கலியமூர்த்திக்கு முகம் சுருங்கியது.

அது அந்தச் சங்கத்தில் மட்டும் உள்ள வழக்கம். இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் அவரவர் குறையை அவரவர் சொல்லக் கூடாது. எதிராளி எழுந்து சொல்ல வேண்டும். 'ஆமாம், இதுதான் என் குறை' என்று குறைக்காரர் தலையாட்டும்வரை மற்ற பேச்சு கிடையாது. எல்லாருமே வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள். சொந்த வழக்கைப் பேசவிட்டால் நன்றாகப் பேசுகிறவர் ஜெயித்துவிடுவார் என்று ஆரம்பத்தில் வைத்தது. பல வருஷமாக அதற்குத் தேவை வரவில்லை.

பத்து மணிக்கு அறை நிறைந்துவிட்டது. சவரிராயன் கடைசியாக வந்தார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். பாக்கெட் நாவலும் கோயில் திருவிழா நாடகமும் எழுதுகிறவர். சுவரோரம் போய் உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எந்த நேரமும் எழுந்து போக வசதியாக, பாயில் படாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் தொடங்குமுன் அவரவர் தெய்வத்தை நினைக்க ஒரு நிமிஷம் விடுவார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். சவரிராயன் மூடவில்லை. கலியமூர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி முறையைச் சொன்னதும் பின்னாலிருந்து துப்பறியும் கதை எழுதும் உதுமான் குரல் கொடுத்தார்.

"வாத்தியார் சொல்லட்டும், வாத்தியார் சொல்லட்டும்! அதுலயும் ஒரு வரி சேர்க்காம இருக்காரான்னு பார்ப்போம்."

சிரிப்பு எழுந்தது. சவரிராயன் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர் சவரிராயனுடைய மனக்குறை யாதெனில், ஒரு படைப்பாளியின் அனுமதியின்றி அவரது படைப்பில் கைவைத்தது முறையன்று என்பதாகும். அவருடைய உரிமை..."

சவரிராயன் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"இல்லையாம் ஐயா" என்றார் தையல்நாயகி.

"மன்னிக்கணும். அவருடைய நடை, ஒரு தனி நடை. எளிமையான நடை. அதுல என்னுடைய அலங்கார நடையைக் கலந்துட்டேன். அதனால கதையோட அழகு கெட்டுப்போச்சுன்னு அவர் வருத்தப்படறார்."

"கதையாவது, அழகாவது" என்றார் சவரிராயன். அதற்கு மேல் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

செருப்புப் போட்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்துவிட்டார். "வாங்கண்ணே, போவோம். இவரு இன்னும் வகுப்புதான் எடுத்துக்கிட்டிருக்காரு."

இன்னொருவரும் எழுந்தார். சவரிராயன் சுவரில் கையூன்றினார்.

"அவர் ஒழுங்காச் சொல்ற வரைக்கும் யாரும் படி இறங்கக் கூடாது" என்றார் தையல்நாயகி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எழுந்தவர்கள் நின்றார்கள்.

"அக்கா, நான் சொல்லிப் பார்த்தேன். அவர் எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறார்."

"நீங்க சொன்னது ரெண்டுமே நீங்க எழுதினது ஐயா. அவர் போன்ல என்ன சொன்னார்?"

"அதை எப்படி இங்கே, இத்தனை பேர் முன்னாடி? நாகரிகமா இருக்காது."

"திருத்தாம சொல்லுங்க."

கலியமூர்த்தி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"சொன்னார்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, சவரிராயன் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கம்மா அழல. தம்பி போன நாள்லேருந்து ஒரு சொட்டு அழல. அழுதா அவன் செத்துட்டான்னு ஆயிடும்னு அழாமலே இருந்தாங்க. என் மக மலரை வாசிச்சுக் காட்டினா. நான் எப்படா அழுதேன்னு என்னக் கேட்டாங்க. குப்பத்துச் சனமெல்லாம் வந்து கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போச்சு. நீ அழுதியாமே, மனசு தேறிட்டியாமேன்னு. அன்னையிலேருந்து அம்மா ராத்திரியில தட்டு எடுத்து வைக்கல."

அவர் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றார் தையல்நாயகி.

"இல்லை."

"முழுசாச் சொல்லுங்க."

"என் தம்பியைக் கொன்னது நீதான்டா வாத்தியாரே."

உதுமான் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து நின்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கே அந்த விஷயம் தெரியாது. கதை கதைதான் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சவரிராயன் ஒரு தடவை தலையாட்டினார்.

"இப்ப உங்க முறை சவரி" என்றார் தையல்நாயகி. "ஐயா பக்கத்தை நீங்க சொல்லணும்."

"அவருக்கு என்ன பக்கம்?"

"எனக்கென்ன தெரியும்? முறைன்னா ரெண்டு பேருக்குந்தான்."

சவரிராயன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "வாத்தியார் திமிர். எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். தான் தொட்டாத்தான் தங்கம்னு நெனப்பு."

கலியமூர்த்தி உடனே தலையை ஆட்டினார். "ஆமாம். அதுதான். ஒத்துக்கறேன்."

"அப்படி வேகமா ஆட்டாதீங்க ஐயா" என்றார் தையல்நாயகி. "தண்டனை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகப் பார்க்கறீங்க. நிசமா, அதுதானா?"

கலியமூர்த்தியின் தலையாட்டல் நின்றது.

"சவரி, அவரைப் பார்த்துச் சொல்லுங்க. சுவரைப் பார்க்காதீங்க."

சவரிராயனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னக்கா இது? அடிபட்டவன் நான். இவருக்கும் நானே வக்காலத்து வாங்கணுமா?"

"வேணாம்னா எழுந்து போங்க. இனி நிறுத்த மாட்டேன்."

சவரிராயன் எழுந்தார். படிக்கட்டு வாசல் அவருக்கு இரண்டடி தூரம். அவர் ஆட்கள் நகர்ந்து வழி விட்டார்கள்.

அவர் போகுமுன் கலியமூர்த்தியை ஒருமுறை பார்த்தார். அறை நடுவில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார் அந்தப் பெரியவர். சவரிராயன் நின்றுவிட்டார். கதை எழுதுகிறவர் அல்லவா, ஒரு ஆளைப் பார்த்தால் பார்க்காமல் இருக்க முடியாது. வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, விருப்பமில்லாத குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மெய்ப்பை வெச்சுக்கிட்டுத் தனியா உட்கார்ந்து படிச்சிருக்காரு. தட்டைக் கவிழ்த்த எடத்துக்கு வந்ததும்... தாங்கல அவருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லைன்னு தாங்கல. யாராவது அழுதுட்டாத் தேவலைன்னு இருந்திருக்கு."

கலியமூர்த்தி தலையாட்டவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது. எல்லாரும் அதைத் தலையாட்டலாக எடுத்துக்கொண்டார்கள்.

தையல்நாயகி கேட்டார். "சவரி, சங்கத்துல இருக்கீங்களா, போறீங்களா?"

"அதை இப்ப எப்படிச் சொல்வேன் அக்கா? அம்மா மறுபடி தட்டு வெச்சா இருக்கேன். வைக்கலைன்னா இந்த மலர் இருக்கற அறைக்குள்ள என்னால கால் வைக்க முடியாது. கோபத்துல சொல்லல. முடியாது, அவ்வளவுதான்."

"நான் வர்றேன்" என்றார் கலியமூர்த்தி. "இப்பவே வர்றேன். உங்க வீட்டுக்கு, உங்களோட. அம்மாவைப் பார்க்கணும்."

"வந்து?"

"அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடறேன்னு..."

"எங்கம்மாவுக்குப் பதிப்புன்னா என்னன்னு தெரியாதுங்க."

"அப்போ, மன்னிப்புக் கேட்டு..."

"எதுக்கு மன்னிப்பும்பாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் பொஸ்தகத்துல அச்சாயிட்டா அது நடந்துபோச்சு. தான் அழுததே தனக்குத் தெரியலையோன்னு யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

கலியமூர்த்தியின் உதடுகள் அசைந்தன. மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறார், அடிக்கிறார், மறுபடி கட்டுகிறார் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டுத் தையல்நாயகியிடம் திரும்பினார்.

"அக்கா, எத்தனையோ பேருக்கு எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னைக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. அந்தத் தாய்கிட்ட நான் போய் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க ஐயா" என்றார் தையல்நாயகி. "அழுதது நீங்கன்னு சொல்லுங்க."