மருந்து ஊற்றாத குளம்

நொடித்துப்போன பயோடெக் கம்பெனியில் பணம் போடுவதும் கடலில் பெருங்காயம் கரைப்பதும் ஒன்று என்பார்கள். அவசரப்படாதீர்கள் ஐயா, இந்த வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வேதாரண்யம் பக்கம், இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, ஒரு சின்னக் கம்பெனியும் தொடங்கினாள் செண்பகவல்லி. சென்னை வைத்தியநாதன் பணம் போட்டார். இறால் வளர்க்கும் பக்கிரிசாமி தன் குளங்களைச் சோதனைக்குத் தந்தார். ஆனால் செண்பகவல்லிக்கு இளகிய மனசு. பந்தியில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் பரிமாறலாமா என்று, ஊரிலுள்ள எல்லாக் குளத்திலும் மருந்தை ஊற்றிவிட்டாள். இறால் அத்தனையும் பிழைத்தது.

“நோயே வராமல் இருந்திருக்கலாமே?” என்று கேட்டார்கள் புது முதலீட்டாளர்கள். ஒரு பைசா போடாமல் திரும்பிப் போனார்கள். ஆய்வகத்தைப் பூட்டும் நிலை வந்தது.

“இன்னும் ஒரே ஒரு பருவம். யார் போட்ட முதலீடு கம்பெனியைக் காப்பாற்றுகிறதோ, மருந்துக்கு அவர் பெயர்!” என்றாள்.

வைத்தியநாதன் மறுபடி பணம் போட்டார். பக்கிரிசாமி மறுபடி குளம் தந்தார். பக்கத்துக் குளத்து ஞானப்பிரகாசம் மட்டும், “என் குளத்துக்கு வேண்டாம்மா. ஒண்ணு சும்மா கெடந்தாத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார். கையில் காசில்லாத செண்பகவல்லி, இறால் செத்தால் ஈடாக இருக்கட்டும் என்று அவருக்குக் கம்பெனிப் பங்கு எழுதிக் கொடுத்தாள்.

“இந்தப் பங்குக் காகிதம் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்! ஊரே மருந்து ஊத்துது, உங்களுக்கு மட்டும் ஏங்க இந்த வேண்டாத வேலை?” என்று பொரிந்தாள் ஞானப்பிரகாசத்தின் மனைவி அமலி.

ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே இடத்தில் வாங்கிய குஞ்சு. நோய் வந்தது. ஞானப்பிரகாசத்தின் இறால் செத்து மிதந்தது. அமலி வாய்விட்டு அழுதாள். பக்கிரிசாமியின் குளத்திலோ இறால் துள்ளியது!

அப்புறமென்ன, முதலீட்டாளர்கள் வரிசைகட்டினார்கள். பங்கு விலை ஏறியதில் அமலியின் நஷ்டமும் தீர்ந்தது. கரையில் இறால் வறுவலோடு விருந்து. “பணம் என்னோடது” என்றார் வைத்தியநாதன். “குளம் என்னோடது” என்றார் பக்கிரிசாமி. ஞானப்பிரகாசம் வாய் நிறைய வறுவலோடு சிரித்தார்.

மருந்துக்கு யார் பெயரை வைப்பது நியாயம்? சொல்லுங்கள்!

விடை: ஞானப்பிரகாசம் பெயரைத்தான். பணமும் மருந்து ஊற்றிய குளமும் போன பருவத்திலும் இருந்தன; கம்பெனி எழவில்லை. இல்லாமலிருந்தது மருந்து ஊற்றாத ஒரு குளம்தான். அதைப் போட்டவர் அவர். பெயர் ஒட்டிய முதல் பாட்டிலைக் கையில் வாங்கிய அமலி சொன்னாள்: “பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷமாவது இதை நம்ம குளத்துல ஊத்துங்க!”