மூக்கின் மேல் ஈ

கடைசியாகக் குஞ்சிதபாதம் அண்ணனை நான் உயிரோடு பார்த்தபோது, அவர் பிணமாகக் கிடந்தார்.

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. கூடத்தின் நடுவில் பெஞ்சு. நெற்றியில் விபூதி, கழுத்தில் ரோஜா மாலை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சீரியலில் நான் அவருடைய தம்பி.

"அண்ணே, அழுகை வரமாட்டேங்குது," என்றேன்.

பிணம் கண்ணைத் திறக்கவில்லை.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எனக்கும்தான் வரல. நான் ஏதாவது சொன்னேனா?"

லைட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே நாடகக் குழுவில் இருந்தவர்கள். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நடிப்பில் சந்தேகம் வந்தால் நான் அவரிடம்தான் போவேன். நேரான பதில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

நாடகத்தில் அவர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சாவார். சினிமாவில் கதாநாயகியின் அப்பாவாக வந்து இடைவேளைக்குள் செத்துவிடுவார். டிவிக்காரர்கள்தான் அவரைச் சில வருடம் உயிரோடு வைத்திருந்தார்கள். அன்றோடு அதுவும் முடிந்தது.

இனிமேல் கதை தம்பியைச் சுற்றித்தான் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தம்பி அன்று அழ வேண்டும். அழாவிட்டால் அடுத்த வாரம் திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுவிடுவார்கள். மேனேஜர் என் காதுபடவே வேறொருவர் பெயரைச் சொன்னார்.

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்குக் கிளிசரின் ஆகாது. கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்தேன். சீரியலில் தம்பிக்குக் கண்ணாடி கிடையாது.

மேடையில் கேட்டபோதெல்லாம் அழுதவன் நான். என் மனைவி கோமளா போனதிலிருந்து வரவில்லை. அவள் போன அன்றும் வரவில்லை. காலையிலிருந்து எடுக்கும்வரை விசிறியும் கையுமாக அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சன் என்று அவளுடைய சித்தி என் எதிரிலேயே சொன்னாள். அன்று முழுக்கக் குஞ்சிதபாதம் அண்ணன் என் பக்கத்தில் இருந்தார். நான் விசிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமளாவை நினைச்சுப் பார்த்தேண்ணே. அப்பவும் வரல."

"அவளை ஏண்டா இங்க கூட்டிட்டு வர்றே? செத்தது நான்."

"அப்ப உங்களை நினைக்கவா?"

"என்னை நினைச்சா உனக்குச் சிரிப்புல்ல வரும்."

அண்ணியாக நடித்த பெண் டைரக்டரைப் பார்த்துக் கத்தினார்.

"சார், சீக்கிரம் எடுங்க. ரெண்டு மணிக்கு இன்னொரு சீரியல்ல எனக்குச் சீமந்தம்."

"நீ போய்ட்டு வாம்மா, நான் இங்கதான் இருப்பேன்," என்றது பிணம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பும் வரவில்லை.

ஆக்‌ஷன் சொன்னார்கள்.

பெண்கள் குரல் எடுத்து அழுதார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மங்கலாகத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. காமிராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர், அழுங்கள் என்று கையை ஆட்டினார்.

அப்போது கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"மாசிலாமணி, மூக்குல ஈ."

உதடு அசையவில்லை. மேடையில் எங்களுக்கு வசனம் மறந்தால் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார். முன்வரிசைக்குக்கூடக் கேட்காது.

பிணம் மூக்கைச் சுளிக்க முடியாது. ஷாட் கெட்டுவிடும். தோளில் இருந்த துண்டை எடுத்து மெல்ல வீசினேன்.

"மறுபடி உட்காருது."

மறுபடி வீசினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஈ தெரியவில்லை. குனிந்து தேடினேன். நெற்றியில் இருக்குமோ, உதட்டோரம் இருக்குமோ. அவர் மேல் அது உட்காரக் கூடாது. அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நேராக்கிவிட்டேன். பிறகும் வீசிக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் அழுகை நின்றுபோயிருந்தது. அண்ணியாக நடித்த பெண் மட்டும் தேம்பிக்கொண்டிருந்தார். அவர் அந்த இடத்தில் தேம்ப வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

டைரக்டர் கட் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

எழுந்து அவரிடம் போனேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஈ வந்துட்டுது. அழ மறந்துட்டேன்."

"இனிமே நீங்க அழ வேண்டாம் சார்," என்றார் டைரக்டர். "அடுத்த ஷாட் போலாம்."

மேனேஜர் அந்தப் பெயரை மறுபடி சொல்லவில்லை.

காமிராமேன்தான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஈயா? காலைல மருந்தடிச்சுட்டுத்தானே சார் கதவையே திறந்தோம். குளோசப்ல ஒண்ணும் தெரியலையே."

நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் வீட்டுக்குக் கிளம்புமுன் காமிராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் எடுப்பார்கள். அபசகுனம் அதோடு கழிந்துவிடும்.

அண்ணன் மாலையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணே, ஈ இருந்துதா, இல்லையா?"

"சார், கொஞ்சம் தள்ளுங்க, காமிரா ஓடுது," என்றார் காமிராமேன்.

நான் தள்ளி நின்றேன்.

அண்ணன் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்.

அவ்வளவுதான் பதில். மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அந்த எபிசோடு ஒளிபரப்பாவதற்குள் அவர் உண்மையாகவே போய்விட்டார். நான் காரைக்குடியில் வெளிப்புறப் படப்பிடிப்பில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எடிட்டரைத் தேடிப் போய், அந்தச் சிரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை யார் சார் வெச்சுப்பாங்க? சிரிச்சாப் போதும். அன்னைக்கே அழிச்சுடுவோம்."

சீரியல் இன்னும் போனில் கிடைக்கிறது. அதில் அவர் செத்துக் கிடக்கிறார். நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.