எச்சில் விழுங்கிய நொடி

"பிள்ளையோட மூளைப் படத்துல ரெண்டு இடம் செவந்திருக்கு மேடம். வலிப்பு எதுல ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் டாக்டர் தணிகாசலம்.

கேட்டவருக்கு நாற்பத்தெட்டு வயது. வலிப்பு நோய்ப் பிரிவுக்குப் புதியவர். பதில் சொல்ல வேண்டிய டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு; ஆனால் இங்கே மூத்தவர் அவர்தான்.

"ஊசி எப்போ போட்டீங்க சார்?"

வலிப்பு வரும்போது ஊசியில் ஏற்றும் மருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகும். அந்த நேரம் எங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதோ அங்கே தங்கிவிடும்; படத்தில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். படத்தைப் பிறகு நிதானமாக எடுக்கலாம். ஊசிக்குத்தான் அவசரம்.

"திரையில மூளை அலை எழுந்ததும் போட்டேன். எட்டே நொடியில."

"ஊர்வலம் மூணு தெரு தாண்டினப்புறம் போட்டோ எடுத்துட்டு, எந்த வீட்டுல கிளம்புச்சுன்னு கேக்குறீங்க."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

"அடுத்த வாரம் ஆபரேஷன். ஒரு இடம் பேச்சுக்குப் பக்கத்துல இருக்கு. தப்பான இடத்துல கத்தி வெச்சா பிள்ளைக்குப் பேச்சே போயிடும். அலையை விட்டா எனக்கு வேற என்ன சாட்சி?"

மெஹருன்னிசா எழுந்து வார்டுக்கு நடந்தார். தணிகாசலமும் பின்னால் போனார்.

கட்டிலில் ஆறு வயது மகிழினி. தலை முழுக்க ஒயர். பக்கத்தில் அவள் அம்மா செண்பகவல்லி.

"நேத்து எப்பம்மா ஆரம்பிச்சுது?"

செண்பகவல்லி தணிகாசலத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"சும்மா சொல்லுங்க. சார் கடிக்க மாட்டார்."

"பேசிக்கிட்டே இருந்தவ டக்குனு நிறுத்திட்டு எச்சி முழுங்கினா மேடம். எப்பவும் அப்படித்தான் வரும். சாரைக் கூப்பிட்டேன். திரையில ஒண்ணும் இல்ல, பொறுங்கம்மான்னாங்க. அப்புறம் அரை நிமிஷம் இருக்கும், கை வெட்டி இழுத்துச்சு."

"இன்னிக்கும் ஒரு ஊசிக்கு மருந்து வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஹருன்னிசா வெளியே போய்விட்டார்.

தணிகாசலம் ஊசியை மகிழினியின் கையிலிருந்த குழாயில் தயாராக மாட்டினார். நாற்காலியை இழுத்தார். திரைக்கு முதுகைக் காட்டி, செண்பகவல்லிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க கை தூக்குங்கம்மா. நான் போட்டுடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

"தப்பாத் தூக்கிட்டா சார்?"

"நாளைக்கு மறுபடி உக்காருவோம்."

ஒரு மணி நேரம். இரண்டு. மகிழினி குரங்கு பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். அது வாயைத் திறக்கவில்லை என்று அதட்டினாள்.

செண்பகவல்லியின் கை உயர்ந்தது.

ஊசி இறங்கியது.

"என்ன சார், திரையில இன்னும் ஒண்ணும் வரலையே!" என்று பின்னால் திரையைக் கவனித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பதறினார்.

"வரும்" என்றார் தணிகாசலம், திரும்பாமல்.